இங்கேயும் வெட்டுப்புள்ளி என்றாயே, அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

ஆசை என்றுதான் இன்னமும் எழுத வருகிறது. வேறு சொல் போட்டுப் பார்த்தேன், கை ஓடவில்லை. ஆனால் இது பாசத்தைக் கொட்டும் கடிதம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் முப்பத்தோராம் நாளுக்கு ஊர் வழக்கப்படி நாங்கள் ஒரு கல்வெட்டு, நினைவுப் புத்தகம், வெளியிட்டோம். தமிழ் அச்சகத்துக்கு இங்கே எங்கே போவது? நான் கையால் எழுத, உன்னவர், என் அத்தான், போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வந்தார். உன் படம் கறுப்பாக விழுந்துவிட்டது. அதில் தங்கை புலம்பல் என்று நான் எழுதியதில் ஒரு வரி, "பொய்யறியா என் அக்கா". வந்தவர்கள் அதை வாசித்து அழுதார்கள். நானும்தான் அழுதேன்.

இப்போது உன் முதல் வருட ஆட்டைத் திவசம் வருகிறது. "இன்னுமொருக்கா ஏதும் எழுதித் தாவன், வதனி" என்று அத்தான் கேட்டார். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது.

நான் ஏன் சுவிஸில் இந்தக் கூர் நகரத்துக்கு வந்தேன் என்பது உனக்குத் தெரியும். வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். உயர்தர வகுப்பில் கணிதம் படித்தேன். பொறியியலுக்கு இரண்டே இரண்டு புள்ளி குறைந்துபோனது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, வேறு மாவட்டத்துக்கு வேறு வெட்டுப்புள்ளி. அதே புள்ளிகளோடு இன்னொரு மாவட்டத்தில் பிறந்திருந்தால் எனக்கு இடம் கிடைத்திருக்கும். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அப்போதுதான் உன் நீலக் கடிதம் வந்தது. "அழாதை. இஞ்சை வா. உன்னை நான் படிப்பிக்கிறன்." எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், அந்தக் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

நீ சொன்னபடியே பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டும் போனாய். ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். உன் மடியில் உன் மகள் நித்தி, நாலு மாதக் கைக்குழந்தை. அந்த இடத்தில் நுழைவது லேசில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். உள்ளே நுழைய ஒரு பரீட்சை, நுழைந்த பிறகும் முதல் வருடத்திலேயே பலரைக் கழித்துவிடுவார்கள். நீதான் புத்தி சொன்னாய்: "டொச்சிலை கதைச்சாத்தான் மதிப்பினம். உன்ரை உடைஞ்ச இங்கிலீசை அங்கை எடாதை. நீ பேசாம இரு, நான் கதைக்கிறன்."

ஹோட்டல் லாண்டரியில் நாலு வருடம் நின்று நீ டொச், அதாவது இந்த ஊர் ஜெர்மன், படித்திருந்தாய். எனக்கு அப்போது வணக்கம், நன்றிக்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆலோசனை சொல்லும் அந்த அம்மா என் பெறுபேற்றைக் கையில் எடுத்து, பௌதிகப் புள்ளிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். நெடுநேரம் கதைத்தார். என்னைப் பார்த்து இரண்டு முறை சிரித்தார். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடைபாதைக்கு வந்ததும் கேட்டேன். "என்னவாம் அக்கா?"

"இஞ்சையும் வெட்டுப்புள்ளிதானாம். எங்கடை மாவட்டம் மாதிரி இவை கன்டோன் கன்டோனாப் பிரிச்சு வைச்சிருக்கினமாம். வெளியாக்களுக்குக் கொஞ்ச இடமாம். அதுவும் முடிஞ்சுதாம்."

"அப்ப ஏன் அவ சிரிச்சவ?"

"பாவமெண்டு சிரிச்சவ."

அக்கா, நீ வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் நான் குறுக்குக் கேள்வி கேட்டிருப்பேன். காசு கட்ட வேண்டும் என்றால் எவ்வளவு என்று கேட்டிருப்பேன். டொச் போதாது என்றால் படிக்கிறேன் என்றிருப்பேன். வெட்டுப்புள்ளி என்றதும் என் வாய் அடைத்துவிட்டது. ஏற்கனவே ஒருமுறை நடந்தது, திரும்பவும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் எதை உடனே நம்புவேன் என்று உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டேஷனில் எனக்குச் சூடாகச் சொக்கலேட் பால் வாங்கித் தந்தாய். தலையைத் தடவினாய். தலையைத் தடவி மூளையை உறிஞ்சுவது என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான். நீ லாண்டரிக்குப் போக, நான் நித்தியைப் பார்த்தேன். அவள் நடக்கத் தொடங்கியதும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயிருந்த கிழவிகளோடு கதைத்துக் கதைத்து டொச் நன்றாக வந்தது. ஆட்கள் என்னையும் மொழிபெயர்ப்புக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். பிறகு நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் உன்னைத் துடைத்து, ஊட்டி, பக்கத்தில் இருந்தேன். நித்திக்குக் காது குத்துவது, என் கலியாணம், ஃப்ரிட்ஜில் கிடந்த மீன்குழம்பு வரைக்கும் என்னிடம் கதைத்தாய். இதை மட்டும் கதைக்கவில்லை.

போன மாதம் சுகந்தி என்று ஒரு பிள்ளைக்கு மொழிபெயர்க்க அதே பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஊரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கெட்டிக்காரி. அவளுடைய அண்ணனும் கூட வந்தார். ரயிலில் அவள் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து அவர் என்னிடம் குனிந்தார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. அங்கை என்ன சொன்னாலும் சரிவராதெண்டு அவளுக்குச் சொல்லிவிடுங்கோ. கலியாணம் ஒண்டு பொருந்தி வந்திருக்கு. இவள் படிப்பு படிப்பெண்டு நிக்கிறாள்."

"பாப்பம் அண்ணை" என்றேன். மனதுக்குள் சிரிப்பும் வந்தது. இப்படியும் கேட்பார்களா என்று நினைத்தேன்.

அதே அறை, அதே அம்மா. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் முன்பு ஒருமுறை வந்தீர்கள். குழந்தையோடு ஒரு சகோதரி கூட வந்தார்" என்றார். நான் ஓம் என்றேன். "ஏன் பரீட்சைக்கு வரவில்லை? உங்கள் பெயரைப் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். கணிதம் நன்றாக இருந்தது. ஒரு வருடம் டொச் படித்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்று அன்றைக்கே சொன்னேனே. இரண்டு கடிதமும் போட்டேன்."

நான் வெட்டுப்புள்ளியைப் பற்றிக் கேட்டேன். அக்கா, இந்த வயதில் அந்த மனுசியிடம் அதைக் கேட்டேன். கன்டோன்களுக்கு எத்தனை இடம் என்று கேட்டேன். அவருக்கு விளங்கவேயில்லை. "அப்படி ஒன்றும் இங்கே கிடையாது. பரீட்சையில் சித்தியடைந்தால் இடம்" என்றார்.

இரண்டு கடிதம். தபால்பெட்டிச் சாவி எப்போதும் உன் கைப்பையில்தான் கிடந்தது.

நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் சுகந்தியின் கடதாசிகளைப் பார்த்து முடித்துவிட்டார். பௌதிகம் நல்லது, இரசாயனம் பரவாயில்லை, டொச் போதாது, ஒரு வருடம் உழைத்தால் பாதிக்குப் பாதி, பலர் தவறுகிறார்கள், ஆனாலும் எழுதிப் பார்க்கலாம் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய அண்ணனும் பார்த்தார். எல்லாம் என் வாயில் இருந்தது. நீ இருந்த அதே கதிரையில் நான் இருந்தேன். எவ்வளவு சுகமான வேலை அது! ஒரு வசனம் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். நல்லதையும் சொன்னேன், பலர் தவறுகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

"பாதிக்குப் பாதியெண்டா, அக்கா, எழுதலாமோ விடலாமோ?" என்று சுகந்தி கேட்டாள்.

"அதை நீதான் சொல்லோணும்" என்றேன்.

திரும்பி வரும்போது அவளுடைய அண்ணன் தள்ளிப் போய் உட்கார்ந்தார். இறங்கும்போது, "ஒரு சொல்லுத்தானே தங்கச்சி கேட்டனான்" என்றார். கெட்ட மனுசன் இல்லை, பயந்த மனுசன். நீயும் அப்படித்தானா?

வீட்டுக்கு வந்து அத்தானைக் கேட்டேன். அவர் நித்தியின் சட்டையை அயன் பண்ணிக்கொண்டு நின்றார். "உங்களுக்குத் தெரியுமோ?" என்றேன். என்ன, ஏது என்று அவர் கேட்கவில்லை. அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்ப எங்கடை அகதி வழக்கு நிண்ட நேரம், வதனி. நீ படிக்கப் போனா, படிக்கத்தான் வந்தவையெண்டு எல்லாரையும் திருப்பி அனுப்புவாங்களெண்டு அவ பயந்தவ. பிள்ளையும் கைப்பிள்ளை. பாக்க ஆளில்லை."

இரண்டு காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இரண்டில் எது முதலில் வந்தது, அக்கா? அந்த அறையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது உன் மனதில் இருந்தது வழக்கா, தொட்டிலா? வழக்கு என்றால் ஏன் என்னிடமே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நானே பொறுத்திருப்பேனே. அந்த வீட்டில் நாங்கள் மூன்று பெரிய ஆட்கள். எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? செத்தவளோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

நான் பரீட்சையில் சித்தியடைந்திருப்பேனா? தெரியாது. தவறியும் இருக்கலாம். தவறியிருந்தால் அழுதுவிட்டு எழும்பியிருப்பேன். அந்தத் தெரியாமைதான் இப்போது என்னிடம் மிச்சம். நீ உயிரோடு இருந்தபோது உன் கைப்பைக்குள் ஒருநாளும் கை வைக்காதவள் நான். போன கிழமை அலமாரியிலிருந்து எடுத்துக் கொட்டினேன். அந்த இரண்டு கடிதங்களும் அதில் இல்லை. நித்தியின் பிறந்தநேரக் குறிப்பும் ஒரு சீப்பும் கிடந்தன. சீப்பில் உன் மயிர் இருந்தது. அதைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதேன். அவ்வளவு கோபத்தோடும் அழுதேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என அத்தான் எதிர்பார்க்கிறார். இன்றைக்கு அப்படி எழுதினால் அதுவும் ஒரு பொய். நம் வீட்டுக்கு ஒன்று போதும்.

சரி, உனக்கு இங்கத்தைப் புதினம். நித்தி வருகிற மாதம் பாலர் பள்ளிக்குப் போகிறாள். உன்னைப்போலவே தலையை ஆட்டி ஆட்டித்தான் கதை கேட்கிறாள். என் பெயரும் மறுபடி பட்டியலில் இருக்கிறது. எனக்கு என்ன வாய்ப்பு என்று அந்த அம்மாவை நானே என் வாயால் டொச்சில் கேட்டேன். "கணிதம் துருப்பிடித்திருக்கும். பாதிக்குப் பாதி" என்றார். இலையுதிர் காலத்தில் பரீட்சை. "அண்டைக்கு நான் லீவு போடுறன், பிள்ளையை நான் பாக்கிறன்" என்றார் அத்தான், என் முகத்தைப் பார்க்காமல்.

கல்வெட்டில் எழுதிய அந்த வரியை நான் வெட்டவில்லை. நித்திக்கென்று வைத்திருக்கும் பிரதிக்குள் இந்தக் கடிதத்தையும் மடித்து வைக்கிறேன். வளர்ந்த பிறகு அவள் இரண்டையும் வாசிக்கட்டும். கேட்டால், நீ பயந்ததையும் சொல்வேன், நீ செய்ததையும் சொல்வேன்.

உனக்கும் ஒரு வாக்குத் தருகிறேன். பெறுபேறு வந்ததும் உன் படத்துக்கு முன்னால்தான் முதலில் வந்து நிற்பேன். சித்தியோ, தவறோ, அவர்கள் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்வேன்.

உன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் தங்கை வதனி