நீலக் கம்மலில் ஒரு பள்ளம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியை எழுத மனசு ஒப்பவில்லை, விட்டுவிட்டேன். பதறாதே. உட்கார்ந்து முழுசாகப் படி. பாதியில் போனை எடுத்து இங்கே கூப்பிட்டாயோ, அப்புறம் என் முகத்தில் விழிக்காதே.

உன்னோடு வேலை செய்யும் வெல்டர் தம்பி லீவு முடிந்து இன்று சாயங்காலம் கிளம்புகிறார். போகிற வழியில் வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். உன் பெண்டாட்டி மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறாள். முன்பெல்லாம் போன வேகத்தில் இறங்கி வருவாள். இப்போது கிளிப் மாட்டவே அவளுக்கு வெகுநேரம் பிடிக்கிறது. அதனால்தான் எனக்கு இதை எழுத நேரம் கிடைக்கிறது.

அவளுடைய களிமண் பைத்தியம் உனக்குத் தெரியாததில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் முகம் கழுவுகிறாளோ இல்லையோ, அந்த பாலிமர் களிமண்ணை எடுத்துப் பிசைய உட்கார்ந்துவிடுவாள். உருட்டி, சீவி, ஓவனில் சுட்டு, கம்மலும் மணிமாலையுமாகச் செய்து குவிப்பாள். யாராவது விலை கேட்டால் முறைப்பாள். மனசுக்குப் பிடித்தவர்களுக்குச் சும்மா கொடுப்பாள். சுடாத களிமண்ணைச் சாப்பாட்டு மேசையில் அப்படியே வைத்துவிட்டுப் போய், வார்னிஷ் எல்லாம் இளகி ஒட்டிக்கொண்டது. அதற்கு நாங்கள் போட்ட சண்டை பக்கத்து வீட்டுக்கே மனப்பாடம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவள் வேலையில் அப்படி ஒரு சுத்தம். ஓவனில் வைக்குமுன் ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். துளி கைரேகை தெரிந்தாலும் நசுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. காலமெல்லாம் ரவிக்கை தைத்த எனக்கே அது அதிகப்படியாகத் தெரியும். இந்த இத்தனூண்டு கோட்டை யார் பூதக்கண்ணாடி வைத்தா பார்க்கப் போகிறார்கள் என்பேன். ரேகை விழுந்தால் அது பொம்மை, விழாவிட்டால்தான் நகை என்று எனக்கே பாடம் எடுப்பாள்.

அப்படிப்பட்டவள், போன மாதம் ஒரு ஜோடி நீலக் கம்மல் சுட்டு எடுத்தாள். ஒன்றில் நடுவே ஒரு பள்ளம். விரலை வைத்து அழுத்திய பள்ளம், ரேகையெல்லாம் அச்சடித்தாற்போல் தெரிந்தது. என் வாய் சும்மா இருக்குமா. என்னம்மா, கம்மலில் கிணறு வெட்டியிருக்கிறாய் என்று கேலி செய்தேன். சிரிப்பாள் என்று பார்த்தால், வாங்கி ஜன்னல் பக்கம் போனாள். விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் தடவினாள். புது டிசைன் அத்தை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரமே இன்னொன்று. ஓவனிலிருந்து தட்டை எடுத்தவள், அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கரண்ட் பில் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். கையுறை ஒரு பக்கம் நழுவி, சூட்டுத் தட்டு வெறும் விரலில் இருக்கிறது. நான் பாய்ந்து தட்டிவிட்டேன். மணிகள் வீடெல்லாம் உருண்டன. விரல்கள் சிவந்து கொப்புளித்திருந்தன. யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அந்தக் கையை இழுத்துக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன்.

வரமாட்டேன் என்றவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து எலும்பு, உள்ளே போகிற நரம்பை நசுக்குகிறதாம். விரலில் தொடங்கியிருக்கிறது, விட்டால் காலுக்கும் போகும் என்றார் டாக்டர். மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி திரும்பும் என்று அடித்துச் சொல்ல முடியாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார். அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஆபரேஷன் என்று நாளும் குறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "அவர் பக்கத்துல இல்லாம நான் அந்த மேசையில படுக்க மாட்டேன். அவரை வரச் சொல்லவும் மாட்டேன்."

இது என்ன நியாயம், நீயே சொல். உன்னை அங்கே வேலையில் நிரந்தரம் செய்யப் போகிற நேரமாம். நடுவில் கிளம்பினால் எல்லாம் பாழாகிவிடுமாம். நீ வழக்கமான லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாமாம். அதற்குள் அந்தக் கை என்ன ஆகும் என்று கேட்டால் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுகிறாள். கத்தியை நினைத்துப் பயப்படுகிறாள், அது மட்டும் எனக்குத் தெரியும். ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறாள். கேட்டால் அந்த அறையில் கொசு என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒரு சிவப்பு இலைக் கம்மலைக் காட்டினாளே, அது போன வருஷம் செய்தது. நீ பாவம், கைவேலை நன்றாகத் தேறிவிட்டதே என்று மெச்சினாய். போனை வைத்ததும் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காதாம்.

உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதுவும் உன் பேரில். வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். அதனால் எழுதுகிறேன். அப்படியும் ஏதாவது குற்றம் என்றால் அது என்னோடு போகட்டும், உன்னை அண்டாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இறங்கி வந்துவிட்டாள். தாளைத் தையல் மெஷின் மூடிக்குள் சொருகினேன். என்ன அத்தை, திருட்டு முழி முழிக்கிறீங்க என்று கேட்டாள். ஊசி தொலைந்துவிட்டது என்றேன். உடனே தரையில் உட்கார்ந்து கையால் தடவித் தேடத் தொடங்கினாள். கிடைத்தாலும் அந்த விரலுக்குத் தெரியப் போவதில்லை, குத்தினாலும் தெரியப் போவதில்லை. எழுந்திரு, கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லி, காய் வாங்கக் கடைக்கு அனுப்பினேன். படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்குகிறாள். முன்பு அப்படி இறங்கமாட்டாள்.

இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் அந்த நீலக் கம்மலில் பள்ளம் விழுந்ததை வைத்திருக்கிறேன். குப்பையில் போட்டிருந்தாள், எடுத்து வைத்தேன். அந்தப் பள்ளத்தில் உன் விரலை வைத்துப் பார். அவ்வளவு ஆழம் அழுத்தியிருக்கிறாள், அழுத்தியது அவளுக்குத் தெரியவில்லை. இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை ராசா.

வேலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரியும். வருவதானால் அவளிடம் சொல்லாமல் வா. சொன்னால் ஏதாவது பேசித் தடுத்துவிடுவாள். சாவி இருக்கிறது என்று நீயாகத் திறந்துகொண்டு வராதே. கதவைத் தட்டு. நான் எழுந்து வரமாட்டேன், அவள்தான் வருவாள். தாழ்ப்பாளோடு கொஞ்ச நேரம் போராடுவாள். அவசரப்படுத்தாதே, எவ்வளவு நேரமானாலும் வெளியே நின்றுகொண்டிரு. இன்றைய தேதிக்கு அவளால் திறக்க முடிகிறது.

நீ பத்திரமாக வந்து சேர வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அம்மா