நசுங்கிய டப்பா

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா? என் அம்மாவின் இருமல் நின்றதா?

நேற்று நாங்கள் அறுத்த பெரிய மரம் தரைக்கு வராமல், பக்கத்து மரங்களில் சாய்ந்து சிக்கிக்கொண்டது. அதற்கு நேர் கீழே என் சாப்பாட்டு டப்பா. எடுக்கக் காலை வைத்தேன். மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சோறு நாளைக்கும் கிடைக்கும். நீ கிடைப்பியாடா?"

மேலே கிளைகள் முனகிக்கொண்டே இருந்தன. பக்கவாட்டில் போய் அடிமரத்தில் இரும்பு வடம் மாட்டி, எட்ட நின்று இயந்திரத்தால் மெல்லப் பின்னுக்கு இழுத்தோம். மரம் இறங்கியபோது தரை ஆடியது.

பயப்படாதே, டப்பாதான் தகடாகிவிட்டது. வேறொன்று வாங்கி அனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். கடையில் பெயர் பொறிக்கும்போது என் பெயர் வேண்டாம். அதை இங்கே தினமும் கூப்பிடுகிறார்கள். உன் பெயரைப் பொறிக்கச் சொல்.