மில்லுக்கு ஆகாத ஜாவா

10 அக்டோபர் 2005, திங்கள்
காலையிலிருந்து தூறல். நாளை ஆயுத பூஜை. ஆபீஸ் முழுக்கச் சுத்தம். ஒட்டடை, ஃபேன், கீபோர்டு, எல்லாம் என் தலையில். எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸில் இருப்பதே இரண்டு பேர்: ஓனர் செல்வராஜ் சார், நான்.

மதியம் சாருக்குப் புது யோசனை. "வெளிய துடைச்சாப் போதுமா ஜெசிந்தா? உள்ள அம்புட்டுக் குப்பை கெடக்கு." புரோகிராம்களை ஓட்டும் ஜாவாவில் பழைய 1.4 இருந்த ஃபோல்டரை இரண்டு மெஷினிலும் அழித்தார். அதே இடத்தில், அதே பெயரில் புது 1.5. பெயர் மாறாததால், எழுதியதை ஓடும் புரோகிராமாகக் கட்டித் தரும் பில்டு ஃபைலைத் தொடவே வேண்டாமாம். என்ன ஒரு சாமர்த்தியம்.

"சார், நம்மகிட்ட புரோகிராம் வாங்குற மில்லுல இன்னும் 1.4தான் ஓடுது. அவங்களுக்குப் பில்டு பண்ண அது வேணும்."

"1.4-க்கு ஏத்தாப்புல செய்யின்னு பில்டு ஃபைல்ல ஒரு வரி இருக்குல்ல. அது பாத்துக்கிரும்."

பார்த்துக்கொள்ளாது. வாய்க்குள்ளேயே சொன்னேன். உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வாங்க வேண்டியவை: பொரி, கடலை, சந்தனம், அம்மாவுக்குத் தைலம்.

11, செவ்வாய்
பூஜை. மானிட்டர் நெற்றியில் சந்தனப் பொட்டு. இன்று மெஷினை ஆன் செய்யக் கூடாது, சோதனையும் இல்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவள். பொரிக்கு ஏது மதம்? இரண்டு பொட்டலம்.

12, புதன்
விஜயதசமி. நல்ல நாளில் புது ஜாவாவில் முதல் பில்டு: மில்லின் ஷிப்ட் வருகைப் பதிவு. இங்கே நன்றாக ஓடியது. இங்கே ஓடாமல் என்ன செய்யும், இருப்பது புது ஜாவாவாச்சே. எங்காவது 1.4 தேடி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன்.

"பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள குடுத்துட்டு வந்துர்றேன்." சிடியோடு செம்பட்டி ரோட்டில் மில்லுக்குப் பறந்துவிட்டார்.

13, வியாழன்
மழை. காலை ஆறேகாலுக்கு வீட்டுக்கு போன். மில் டைம் ஆபீஸில் வருகை பதியும் முருகேசண்ணன்.

"ஏம்மா, பூஜை லீவு முடிஞ்சு மொத ஷிப்ட், ஆளுக பேரு ஒண்ணுகூட ஏற மாட்டேங்குது. சனமெல்லாம் கேட்டுல நனைஞ்சுக்கிட்டு நிக்குது. மேனேஜர் கத்துறாரு."

"செத்த நேரம் நோட்டுல எழுதி உள்ள விடுங்கண்ணே. நான் வாரேன்."

என் அலமாரியில் 1.4 சிடி, படிக்கும்போது வாங்கியது. நல்ல வேளை, கிளி விரட்ட அம்மா அதைக் கொய்யா மரத்தில் கட்டவில்லை.

ஆபீஸ். என் மெஷினில் 1.4-ஐத் தனி ஃபோல்டரில் போட்டேன். ஃபோல்டர் பெயரிலேயே 1.4 என்று தெரியும்படி. ஒரே புரோகிராம், ஓர் எழுத்து மாற்றாமல் இரண்டு பில்டு. 1.5-இல் செய்தது 1.4-இல் ஓடாமல் விழுகிறது, 1.4-இல் செய்தது ஓடுகிறது. சார் நம்பியிருந்த அந்த வரி நான் எழுதும் மொழியை மட்டும்தான் பார்க்கும். பில்டு போய்க் கோர்த்துக்கொண்டது புது ஜாவாவின் லைப்ரரியோடு. அதில் இருக்கும் ஒரு வசதி பழையதில் கிடையாது. மில் மெஷின் அதைத் தேடித் தேடி விழுந்திருக்கிறது.

பஸ் பிடித்து நானே கொண்டுபோய்ப் போட்டேன். இரண்டு மணி ஷிப்ட் ஒழுங்காக ஏறியது. முருகேசண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

14, வெள்ளி
மில் மேனேஜருக்கு எழுத்தில் விளக்கம் வேண்டுமாம். சார் டைப் செய்து நீட்டினார். "புரோகிராமர் ஜெசிந்தாவின் கவனக்குறைவால்..." கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. போடும்மா."

"நான் செய்யலையே சார்."

"கம்பெனி பேரு கெட்டாப் பரவாயில்லையா?"

என் பெயர் கெட்டால் மட்டும் பரவாயில்லை. இந்த ஊரில் இப்படி ஆபீஸ் மொத்தம் நாலு. அந்தக் கடிதம் எனக்கு முன்னால் போய் நாலிலும் உட்கார்ந்திருக்கும்.

15, சனி
கையெழுத்துப் போடவில்லை. சார்: "அப்ப திங்கக்கிழமை வர வேண்டாம்."

அம்மா: "போட்டுத் தொலைச்சுட்டு வேலையப் பாரேன்டி."

மாட்டேன். ஆபீஸிலிருந்து கிளம்பும் முன் இரண்டு மெஷினிலும் பில்டு ஃபைலை மாற்றிவிட்டு வந்தேன். இனி எந்த வாடிக்கையாளருக்கு எந்த ஜாவா என்று அதிலேயே இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது. கோபம் அதைவிட அதிகம்.

17, திங்கள்
வெயில். போனேன். வழக்கம்போல ஒன்பதரைக்கு.

தீபாவளி லீவைக் குறிக்க வருகைப் பதிவில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி மில் கேட்டிருக்கிறது, இன்றே. தன் மெஷினில் தானே பில்டு போட்டுப் பார்த்த சார் எட்டரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். திரையில் நான் எழுதிய வரி: மில்லுக்கு இந்த ஜாவா ஆகாது.

"என் மெஷின்லயே நிக்குது. என்ன பண்ணி வச்ச?"

"1.4 இல்லேன்னா நிக்கச் சொல்லியிருக்கேன் சார்."

"அத எடு."

"எடுக்க மாட்டேன். நின்னாத்தான் கேட்டுல சனம் நிக்காது."

பையிலிருந்து மேனேஜருக்கான என் கடிதத்தை எடுத்து வைத்தேன். நேற்று கையால் எழுதியது. பூஜைக்குச் சுத்தம் செய்தபோது பழைய ஜாவா அழிக்கப்பட்டது, அழித்தது நிறுவன உரிமையாளர், சோதிக்காமல் கொடுத்தோம், இனி நடக்காது. "இதுல நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் பில்டு போடுறேன்."

இரண்டு தடவை படித்தார். "உரிமையாளர்னு இருக்கட்டும், என் பேரு வேணாம்" என்றார். சரி என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ஜெராக்ஸ் ஒன்று என் பையில்.