கலெக்டருக்கு ஒரு டிரம் மண்ணு

என் செல்லத் தம்பி, கிறுக்குப்பயலே, முத்து,

நீ போயி எட்டு மாசம் ஆச்சு. செத்துப்போனவங்களுக்கு யாராவது லெட்டர் எழுதுவாங்களான்னு என் மக பூஜா கேக்கா. என் தம்பிக்கு நான் எழுதுவேன், உனக்கென்னடின்னேன். தமிழ்ச் சங்கத்து மலர்ல இதப் போடுதாங்களாம். போடட்டும். தாராவியில நம்ம தெருவே படிக்கட்டும். உன் கலெக்டரப் பத்தி இந்தத் தெருவுக்கு நான் சொல்ல வேண்டியது நெறைய இருக்கு. உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு.

தெரியாதவங்களுக்குச் சொல்லிருதேன். கலெக்டர்னா ஆபீசர் இல்ல, இகுவானா. வெளிநாட்டு ஓணான்னு வச்சுக்கோங்க. உடம்பே என் முழங்கை நீளம், வால் அதப்போல ரெண்டு மடங்கு. பச்சைத் தோலு, முதுகு நெடுக சீப்புப் பல்லு மாதிரி முள்ளு. செம்பூர்ல ஒரு பெரிய வீட்டுக்கு ஏசி ரிப்பேருக்குப் போனான் என் தம்பி. அந்த வீட்டம்மாவுக்கு இது சலிச்சுப்போயி பாத்ரூம்ல அடைச்சு வச்சிருந்தாங்களாம். "எனக்குக் குடுத்துருங்க மேடம்"னு கேட்டு, டூல் பேக்ல போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டான். சோறு டப்பாவக் கழுவலாம்னு நான் அந்தப் பையத் தொறந்தேன். அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்துத் தையல் கார்கானாவுல மிஷினெல்லாம் நின்னுபோச்சு.

ஞாபகம் இருக்கால? "எக்கா, உக்காந்திருக்க தோரணையப் பாரேன், ஜில்லா கலெக்டர் மாதிரி"ன்னு இளிச்ச. "கலெக்டர்னா பங்களாவுக்குப் போகச் சொல்லுல, பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல அவருக்கு என்ன வேலை"ன்னேன். நீ படுக்குற மாளாவுல, அந்த மேல் பரண்ல, அதுக்கு ஒரு கூண்டு கட்டுன. ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நா அது வாலச் சுழட்டி பூஜா கன்னத்துல வாரு மாதிரி இழுத்துருச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல, "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும், இப்பவே சொல்லு"ன்னு கேட்டுட்டேன். நீ எந்திரிச்ச. டூல் பேக்க எடுத்த, அத எடுத்த, வடாலாவுல ஒரு ரூமு பிடிச்சுப் போயிட்ட.

நாலு நாள்ல வந்துருவன்னுதான் நெனச்சேன். பூஜா அப்பா விட்டுட்டுப் போனதுல இருந்து பதினோரு வருஷம் எங்களுக்குத் துணையா இருந்தவன், ஒரு ஓணானுக்காகவா போவான்? போயிட்டியே! ஞாயித்துக்கிழமை மட்டும் வருவ. மீன் குழம்பு ஊத்திச் சாப்பிடுவ, பூஜாவ வம்புக்கு இழுப்ப. போகும்போது முருங்கக்கீரை ஒரு கட்டு எடுத்துட்டுப் போவ. யாருக்குன்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல.

அப்புறம் அந்த மழை. முட்டளவு தண்ணியில நடந்து வேலைக்குப் போனவன எலிக்காய்ச்சல் பிடிச்சுக்கிட்டு. ஆஸ்பத்திரியில ஆறே நாளு. அந்த ஆறு நாளப் பத்திக் கடைசியில சொல்லுதேன். இப்பச் சொன்னா மேக்கொண்டு எழுத வராது.

காரியம் முடிஞ்ச மறுநாள் வடாலா ரூம காலி பண்ணப் போனேன். கதவத் தொறந்தா, ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அது தொங்குது. இடுப்பெலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு வெளிய தெரியுது. என்னக் கண்டா வாலச் சுழட்டுற ஜென்மம், வாலத் தூக்கத் தெம்பில்லாம பாத்துக்கிட்டே இருந்துச்சு. உன்னக் கொண்டுபோறப்பக்கூட கல்லு மாதிரி நின்னவ நான். அங்கன தரையில உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். பெறகு ஒரு சேலையில சுத்தி, டாக்ஸி பிடிச்சு வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்.

வந்து எறங்கல, ரெண்டு வீடு தள்ளி இருக்க இசக்கி அத்தான் கண்ணுல பட்டுருச்சு. "உடும்புல்லா இது! முட்டு வலிக்கு இதவிட மருந்து ஏது? எண்ணெய் கொஞ்சம் கூட ஊத்தி..."ன்னு ஆரம்பிச்சாரு.

"அத்தான், உங்க முட்டு வலிக்கு என் வாரியக்கட்டைதான் நல்ல மருந்து. எடுத்துட்டு வரவா?"

"கோவப்படாத தாயி, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்"னு நொண்டிக்கிட்டே உள்ள போயிட்டாரு. ஆனா போறவாரவங்ககிட்ட எல்லாம் சண்முகத்தாயி வீட்ல உடும்பு இருக்குன்னு சொல்லிவச்சுட்டாரு. ஒருத்தி தோலு கேட்டு வந்தா. ஒருத்தன் நாக்கு கேட்டு வந்தான். எல்லாருக்கும் இதுல சேத்தே சொல்லுதேன், இது உடும்பு இல்ல, இத யாருக்கும் தரமாட்டேன், நாக்கும் தரமாட்டேன்.

நானும் கத்துக்கிட்டேம்ல. பூஜா போன்ல பாத்துப் படிச்சுச் சொல்லுவா. வெயில் பட்டாத்தான் எலும்பு நிக்குமாம். கார்கானாவுக்குப் போறதுக்கு முன்னால, அதத் தோள்ல வச்சுக்கிட்டு ஏணியில ஏறி, தகரக் கூரை மேல அரை மணி நேரம் ஒக்காந்திருப்பேன். நகம் சுடிதாரக் கிழிக்கும். கிழிக்கட்டும், தைக்கத் தெரிஞ்சவதான நான். செம்பருத்திப்பூவுன்னா உசுரு அதுக்கு. பூசணிக்காயத் துருவிப் போட்டாத்தான் திங்கும், துண்டாப் போட்டா மொகத்தத் திருப்பிக்கும். இந்த வீம்பு உன்கிட்ட இருந்து அதுக்கு வந்துச்சா, அதுகிட்ட இருந்து உனக்கு வந்துச்சா?

மாசி மாசம் திடீர்னு சாப்பாட்ட நிறுத்திருச்சு. ஒரு எலை தொடல. செவுத்தப் பிறாண்டுது, டைல்ஸப் பிறாண்டுது, அரிசி வாளிய உருட்டிவிட்டு அதுக்குள்ள கிடந்து தோண்டுது. பாக்க வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான். "முத்துவத் தேடுது. வாயில்லா ஜீவனுக்கு எவ்வளவு பாசம் பாரு."

நானும் நம்பிட்டேன். உன் நீலச் சட்டைய விரிச்சுப் போட்டேன். உன் பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போட்டுக் காட்டினேன். "எக்கா, கதவத் தாப்பா போடாத, லேட்டா வருவேன்"ன்னு நீ சொல்லுத. அது உன் சட்டையையும் பிறாண்டுது. பன்னெண்டு நாளு அது தலையத் தடவிக்கிட்டே, "வரமாட்டான் கலெக்டரு, அவன் இனிமே வரமாட்டான்"னு நான் ஒப்பாரி வச்சேன். தெருவே வாசல்ல நின்னு கண்ணத் தொடச்சுச்சு. மாஹிம் கழிமுகத்துல கொண்டு விட்டுரு, நிம்மதியா சாகட்டும்னு ஒருத்தி. இசக்கி அத்தான் வாசல்ல வந்து தொண்டையக் கனைச்சாரு. வாரியலக் கண்டதும் வாயத் தொறக்காமலே போயிட்டாரு.

பன்னெண்டாம் நாள் அது கண்ணு உள்ள போயிருச்சு. அதப் பாத்ததும் எனக்கு வீம்பு வந்துச்சு. உன்னத்தான் என்னால நிறுத்த முடியல, இத விடவே மாட்டேன்னு லீவு போட்டுட்டு, செம்பூர்ல இந்த மாதிரிப் பிராணிகளப் பாக்குற ஒரு லேடி டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினேன். நடந்ததெல்லாம் அழுதுக்கிட்டே ஹிந்தியில சொன்னேன். அந்தப் பொண்ணு பொறுமையாக் கேட்டுச்சு. அது வயித்த அமுக்கிப் பாத்துச்சு, எக்ஸ்ரே எடுத்துச்சு, படத்த வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டிச்சு. உள்ள கொத்துக் கொத்தா முட்டை.

"தீதி, துக்கமெல்லாம் ஒண்ணுமில்ல. உங்க கலெக்டர் பொம்பள."

ஆண் துணையே இல்லாமலும் முட்டை வைக்குமாம், பண்ணைக் கோழி மாதிரி. முட்டை வைக்க அதுக்கு ஈர மண்ணு வேணும், குழி வேணும். அது கிடைக்காமத்தான் டைல்ஸப் பிறாண்டிருக்கு. இன்னும் நாலு நாள் பாப்போம், இல்லன்னா வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும், இருக்கிற பலத்துக்குத் தாங்குமான்னு சொல்ல முடியாதுன்னுட்டு அந்தப் பொண்ணு. எனக்குச் சிரிப்பும் வருது, வெக்கமும் வருது. ஒரு பொம்பள பிரசவத்துக்கு எடம் தேடி அலைஞ்சிருக்கா, நான் அவளுக்கு உன் சட்டைய விரிச்சுப் போட்டு ஒப்பாரி வச்சிருக்கேன்!

மண்ணுக்கு எங்க போக? நம்ம தெருவுல மண்ணு எங்கல இருக்கு, எல்லாம் சிமெண்டு. மெயின் ரோட்டுல பில்டிங் கட்டுதாங்கல்லா, அங்க போயி வாட்ச்மேன்கிட்டக் கெஞ்சினேன். எதுக்குன்னு கேட்டான். பிரசவத்துக்குன்னேன். என்ன நெனச்சானோ, அள்ளிக்கோன்னுட்டான். ஆறு மூட்டை. பூஜாவும் நானும் ரெண்டத் தூக்குறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு. மிச்ச நாலையும் யாரு கொண்டுவந்தாங்கற? இசக்கி அத்தான். அந்த முட்டு வலியோட. "பொம்பளப் பிள்ளைன்னு முன்னாலயே சொல்லிருக்கலாம்லா தாயி"ன்னு என்னையே ஏசுதாரு.

மண்ண எதுல கொட்ட? வீட்ல இருக்கிறது தண்ணி பிடிக்கிற அந்த ஒரே நீல டிரம்மு. காலையில ரெண்டு மணி நேரம் வர்ற தண்ணியப் பிடிச்சு அதுலதான் அன்னைக்குப் பொழுதையே ஓட்டணும். பூஜா என்னப் பாத்தா. நான் யோசிக்கவே இல்ல, கவுத்துட்டேன். அத்தான் ரம்பம் கொண்டுவந்து டிரம்முல ஒரு வாசல் அறுத்துக் குடுத்தாரு. அதப் படுக்கவச்சு, மண்ண நிரப்பி, தண்ணி தெளிச்சு, அவள உள்ள விட்டோம். அந்த வாரம் பூரா குடத்துலயும் பெயிண்டு டப்பாவுலயும் தண்ணி பிடிச்சோம். குளியல் பக்கத்து வீட்ல.

மூணாம் நாள் மத்தியானம் உள்ள தோண்ட ஆரம்பிச்சா. மண்ணு தெறிச்சுக் கட்டில் மேல விழுது, அடுப்பு மேல விழுது. ஆளிருந்தா வைக்காதுன்னு நாங்க எல்லாரும் சந்துல உக்காந்திருந்தோம், பிரசவ வார்டு வாசல்ல உக்காந்திருக்க மாதிரி.  சாயங்காலம் எட்டிப் பாத்தா, மூஞ்சி பூரா மண்ணோட, வயிறு ஒட்டிப்போயி வெளிய படுத்திருக்கா. முப்பத்தெட்டு முட்டைல! பேரீச்சம்பழம் அளவுக்கு, வெள்ளை வெளேர்னு. எல்லாம் கூமுட்டை, பொரிக்காது. "ஆம்லெட்டு..."ன்னு ஆரம்பிச்ச அத்தான், என் மூஞ்சியப் பாத்து நிறுத்திக்கிட்டாரு.

மறுநாள் ரெண்டு கட்டுக் கீரையத் தின்னுட்டா.

இப்ப அந்த ஒண்ண எழுதுதேன்.

வெளிநாட்டுப் பிராணி வச்சிருந்தா கவர்மெண்டுல பதியணும், வச்சிருக்கவங்க பேரு இருக்கணும்னு அந்த டாக்டர் சொல்லிவிட்டுது. பூஜா போன்ல ஃபார்ம் போட்டா. என் பேரையே போடச் சொன்னேன். எப்ப இருந்து இது உங்க பொறுப்புலன்னு கேட்டா. மாமாவ ஆஸ்பத்திரியில சேத்த அன்னையில இருந்துன்னேன். "இல்லம்மா, காரியம் முடிஞ்சுதான கொண்டுவந்தோம்"ன்னா. அப்பத்தான் அவளுக்கே சொன்னேன்.

அட்மிட் பண்ண அன்னைக்கு வடாலா ரூம் சாவிய என் கையில வச்ச. "எக்கா, கலெக்டருக்குக் கொஞ்சம் கீரை மட்டும் போட்டுட்டு வந்துரு"ன்ன. சரின்னேன். நான் போகல முத்து. உன் பக்கத்துலயே இருந்தேன், நேரமில்லன்னு சொல்லிக்கலாம். நேரம் இருந்துச்சு. மத்தியானம் பூஜா வந்து என்ன மாத்திவிடுவா. பஸ்ல ஏறினா இருபது நிமிஷம். இந்த மூதியாலதான என் தம்பி என்ன விட்டுட்டுப் போனான், பட்டினி கெடக்கட்டும்னு நெனச்சேன். ஆமா, அப்படித்தான் நெனச்சேன். நீ மாஸ்க்கத் தூக்கிட்டுத் தினமும் கேட்ட, "சாப்ட்டானாக்கா?" வயிறு முட்டச் சாப்ட்டான், நீ தூங்குன்னு சொன்னேன். ஆறு நாளும் சொன்னேன். நீ நம்பிட்டுத்தான் போன.

பூஜா போனத் திரும்பக் கையில எடுத்தா. நான் சொன்ன தேதியவே போட்டா.

மன்னிச்சுருன்னு கேக்கமாட்டேன். நீ மன்னிச்சுருவ, அது எனக்குத் தெரியும். எனக்கு அது போதாது. அடுத்த மாசம் அவளுக்கு ஆபரேஷன், இனிமே முட்டைத் தொல்லை வராதாம். நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் இருப்பாளாம். இந்தத் தெருவ இடிச்சு எந்த பில்டிங்ல எத்தனாவது மாடியில எங்களப் போட்டாலும், அவ எங்கூடத்தான் வருவா. கூடாதுன்னு சொல்லுதவன் என் வாய்க்குப் பதில் சொல்லட்டும்.

இப்பக் கேளுல, முத்து. சாப்ட்டா. காலையில கீரையும் ரெண்டு செம்பருத்தியும், பக்கத்துல உக்காந்து நான் என் கண்ணால பாத்தேன். நாளைக்கும் கேளு. நான் இருக்க வரைக்கும் தினமும் கேளு, நெசத்தச் சொல்லுதேன்.

உன் கூடப்பொறந்தவ,
அக்கா சண்முகத்தாய்