இறக்கத்தில் மட்டும் ஓடும் வண்டி

மே 9

என் அருமைத் தம்பிக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினால் உனக்குத் தூக்கம் போய்விடும். ஆகவே அந்த வரியை விட்டுவிட்டு நேரே வண்டிக்கு வருகிறேன்.

நீ பட்டறையில் செய்து அனுப்பிய மூன்று சக்கர வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. லாரிக்காரர் கீழே கடைத்தெருவிலேயே இறக்கிவைத்துவிட்டார். உன் மருமகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். பதினோரு வயதுப் பெண்ணை இடுப்பில் சுமக்கிற அம்மா இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். உட்காரவைத்ததும் கைப்பெடலைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். வண்டி நகர்ந்ததா, உடனே போட்டாள் பார் ஒரு கத்தல், "அம்மா, விடு! தொடாத!" என்று. தெருவே திரும்பிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து காலில் பலமில்லாத பிள்ளை, மருந்துக்கடை வரைக்கும் தானே போனாள். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். உன் கை நன்றாக இருக்கட்டும்.

இனி திட்டப்போகிறேன், கேட்டுக்கொள். நம் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறதடா! கீழே இருக்கிற வாடகை நமக்குக் கட்டாது. ஏற்றத்தில் அவளால் ஓர் அடிகூட நகர்த்த முடியவில்லை, பெடல் அசையவே மாட்டேன் என்கிறது. பின்னால் நின்று தள்ளி வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் உள்ளே வந்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். என்னால் தினமும் தூக்க முடியாமல் போனதால்தானே இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் போகாமல் கிடக்கிறாள்? இந்த வண்டியை நம்பித்தான் மறுபடி சேர்க்கப் போகிறேன். அவளை வீட்டுக்குக் கொண்டுவர ஏதாவது வழி சொல்.

உன் அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து, "என்னடா, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லண்ணே, என் மானம் போச்சு" என்றேன்.

பட்டறை முற்றத்தில் நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினேன். என் எடைக்கே பறந்தது. முற்றம் பலகை மாதிரிச் சமம், மேடு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நீயும் லேசுப்பட்டவள் இல்லை. "புது வீடு நல்ல காற்றோட்டம்" என்றுதானே எழுதினாய்? மேட்டு உச்சியில் காற்று அடிக்காமல் வேறென்ன அடிக்கும்?

மருமகளிடம் சொல், மாமா முட்டாள்தான், ஆனால் வேலை தெரிந்த முட்டாள். பெடலில் இருக்கிற பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்றிவிட்டால் வண்டி ஏறும். அந்த அளவில் கடையில் கிடைக்காது, நான்தான் அறுத்துச் செய்ய வேண்டும். இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, மெஷின் ஓயும்போதுதான் தொடலாம். லீவு கேட்டேன். "போனா அப்படியே போயிடு" என்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள் அக்கா.

உன் தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

வாயாடி பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மந்திரி மாதிரி இறங்குகிறாள். எதிரே வருகிறவர்களை "ஓரம் போங்க, ஓரம்!" என்று அதட்டல் வேறு. சாயங்காலம்தான் நரகம். பள்ளி விட்டதும் மேட்டடியில் இருக்கிற டயர் கடை வாசலில் எனக்காகக் காத்திருப்பாள். சலவைக்கடையில் கடைசித் துணியைத் தேய்த்து மடித்துவிட்டு நான் வந்து, தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். என் இடுப்பைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது.

போன வாரம் நல்ல மழை. யாரோ ஒரு புண்ணியவான், அவள் வேண்டாம் என்று சொல்வதைக் காதில் வாங்காமல், "நான் தள்ளிவிடறேன் பாப்பா" என்று ஆரம்பித்துவிட்டான். பாதி மேட்டில் அவனுக்கு போன் வந்தது. "இதோ வந்துடறேன்" என்று போனவன் போனவன்தான். பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் உருண்டுவிடும். அந்த மழையில், அந்தச் சரிவில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறாள் தம்பி. நான் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். அவள் அழவில்லை. ராத்திரி கையை மடக்க முடியாததால் நான்தான் ஊட்டிவிட்டேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "கையும் போச்சுன்னா என்கிட்ட வேற என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

மறுநாளே சலவைக்கடையில் சீக்கிரம் விடச் சொல்லிக் கேட்டேன். "வேற ஆள் பாத்துக்கறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. அந்தச் சக்கரத்தை எப்படியாவது அனுப்பு.

உன் அக்கா


ஜூலை 25

அக்காவுக்கு,

உன் கடிதத்தை முழுதாகப் படிக்க முடியவில்லை. பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்தப் புண்ணியவான் என் கையில் கிடைத்தால் தெரியும்.

சக்கரம் முடிந்தது. பழைய லாரிக்காரரிடமே கொடுத்தனுப்புகிறேன். அங்கே எந்த சைக்கிள் கடைக்காரரும் மாட்டிவிடுவார். ஒரே ஒரு குறை. மேட்டில் ஏறும், ஆனால் சமதளத்தில் வேகம் பாதியாகிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் கியர் வைக்க வேண்டும், அதற்கு எனக்கு வக்கில்லை. ஆனால் என்ன, அவள் ரேஸுக்கா போகிறாள்? தானாக வீடு வந்து சேர்ந்தால் போதாதா?

மாட்டியதும் உடனே எழுது. நான் இங்கே நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

உன் தம்பி


செப்டம்பர் 14

என் தம்பிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத மனம் வரவில்லை.

அந்த மழைக்குப் பிறகு டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடத்தை ஒட்டியே விடுதி இருக்கிறதாம், எல்லாம் ஒரே சமதளமாம், சாப்பாடு தங்கல் எதற்கும் காசு இல்லையாம். "உங்க பொண்ணே வந்து கேட்டா" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! மாமா சக்கரம் அனுப்பட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அவள் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

சக்கரம் வந்ததும் அவள் மடியில் வைத்தேன். "இதைப் போட்டா வீட்டுக்கு நீயே வந்துடலாம்டி" என்றேன். தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு உன் கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"மாமாவுக்கு எழுது, ஆமா, ரேஸுக்குத்தான் போறேன்னு."

"விளையாடாத."

"விளையாடலம்மா. மேல என்ன இருக்கு? ஒரு ரூம். கீழதான் பள்ளிக்கூடம் இருக்கு, கடை இருக்கு, பசங்க இருக்காங்க. பசங்க ஓடுறாங்கம்மா, நானும் கூடவே போறேன். பாதி வேகத்துல போனா யார் நிப்பாங்க எனக்காக?"

திட்டினேன். அழுதேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவள் அசையவில்லை, என் பெண் அல்லவா! தினமும் தள்ள எனக்கு இடுப்பு இல்லை. கீழே ஓர் அறை பிடிக்கக் கையில் காசு இல்லை. கடைசியில், சக்கரத்தை மாட்டாமலே, விடுதிக்குச் சரி என்றேன். அது சம்மதம் இல்லை தம்பி, வேறு வழி இல்லாமல் வந்த வார்த்தை.

நேற்று முதல் முறையாகப் பார்க்கப் போனேன். மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். வழக்கம்போல விறுவிறுவென்று அவளை நோக்கி நடந்தேன். காவல்காரர் மறித்து, "இங்கயே நில்லுங்கம்மா, பொண்ணு வரும்" என்றார். நின்றேன். புழுதி பறக்க வந்தாள். வந்து என் காலடியில் கச்சிதமாக பிரேக் போட்டு நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து நான்தான் அவளிடம் போயிருக்கிறேன். அவள் என்னிடம் வந்தது இதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம்தான் இருந்தோம். மணி அடித்தது. தள்ளிவிடலாம் என்று வண்டிக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். அதற்குள் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டாள். நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது தம்பி. ரொம்ப நன்றாக ஓடுகிறது.

உன் அக்கா