டிக்-டிக் என்பது பதில் அல்ல

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர்,
விமான நிலைய ஓடுபாதையின் கிழக்கு முனையை ஒட்டிய தெருவில் வசிப்பவர்.
(பெயரும் கதவு எண்ணும் இணைப்புத் தாளில்.)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விமானப் பாதுகாப்பு இயக்ககம்.

பொருள்: ஜூன் 3 அன்று ஓடுபாதையில் இரு விமானங்கள் மோத இருந்தது – கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அன்றைய ஒலிப்பதிவு ஜூலை 3-இல் அழிந்துவிடும் – அதற்கு முன் அதைக் கைப்பற்றிக் கேட்குமாறு வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கணவரை இழந்தவள். வயது எழுபத்திரண்டு. இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. மனுதாரர் யார் என்பது மனுவின் தலையிலேயே இருக்க வேண்டும் என்று கான்வென்ட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் சாட்சியங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்தேன். என் ஒரே மகள் இந்நகர விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணிபுரிகிறாள். எந்த விமானம் எப்போது இறங்கலாம், எது ஓடுபாதையில் ஏறலாம் என்று ரேடியோவில் விமானிகளுக்குச் சொல்வது அவள் வேலை. கீழே கண்ட தவறில் அவளுக்கும் பங்கு உண்டு. அதை மறைப்பதற்காக இம்மனுவை எழுதவில்லை.

2. ஜூன் 3, பிற்பகல் 4.10. ஒரு சரக்கு விமானம் புறப்படுவதற்காக ஓடுபாதையின் ஓரக் கோட்டில் நின்றது. அதே நேரம் இரண்டு பயணிகள் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க வந்துகொண்டிருந்தன. முதலாவது இறங்கிக் கடந்ததும் ஓடுபாதையில் ஏறிக்கொள்ளும்படி என் மகள் சரக்கு விமானத்துக்குச் சொன்னாள். அதன் கேப்டன் முறைப்படி வாயால் திருப்பிச் சொன்னார். பிறகு, இரண்டாவது விமானம் எதிர்பார்த்ததைவிட நெருங்கி வருவதைப் பார்த்து உத்தரவை மாற்றினாள்: கோட்டைத் தாண்ட வேண்டாம், இரண்டாவதும் இறங்கிய பிறகே ஏற வேண்டும். இதற்குப் பதிலாக அவள் காதில் விழுந்தது ஒரு சொல் அல்ல. டிக்-டிக் என்ற ஓசை மட்டுமே.

3. விமானி தன் மைக்கின் பொத்தானை இருமுறை அழுத்தி விட்டால் இந்த ஓசை வரும். “கேட்டது, சரி” என்று அதற்கு அர்த்தமாம். விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஓடுபாதை குறித்த உத்தரவை விமானி முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், கோபுரத்தில் இருப்பவர் அதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதே விதி. ஆனால் இந்த நிலையத்தில் டிக்-டிக் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது. பொத்தானுக்குக் குரலும் இல்லை, பெயரும் இல்லை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

4. அன்றைய டிக்-டிக் சரக்கு விமானத்திலிருந்து வரவில்லை. நிறுத்துமிடத்தில் நின்ற ஒரு பயிற்சி விமானத்தின் விமானிக்குச் சற்று முன்புதான் என் மகள் காற்றின் வேகத்தைச் சொல்லியிருந்தாள். அதற்கு ஒப்புதலாக அவர் தாமதமாக அழுத்தியது அது. சரக்கு விமானத்தில் இருந்தவர்களோ அந்நேரம் வேறொரு அலைவரிசையில் தங்கள் நிறுவனத்தோடு சரக்கின் எடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபுரத்தின் ஒலியைத் தணித்து வைத்திருந்தார்கள். மாற்றிய உத்தரவு அவர்களை எட்டவே இல்லை. முதல் விமானம் கடந்ததும் பழைய உத்தரவின்படி ஓடுபாதையில் ஏறிவிட்டார்கள். அவ்விடத்தில் பாதை சாய்வாகச் சேர்வதால், முதுகுப்பக்கம் இறங்கி வருவது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது விமானத்தில் நூற்று நாற்பத்தாறு பேர். இறங்க வேண்டாம், மேலே ஏறுங்கள் என்று என் மகள் கத்தியதை அதன் விமானி கேட்டார், திருப்பிச் சொன்னார், ஏறினார். அதன் சக்கரங்களுக்கும் சரக்கு விமானத்தின் வாலுக்கும் இடையே நாலு மாடி உயரம்கூட இல்லையாம். அந்த உறுமல் என் சமையலறை ஜன்னலை அதிர வைத்தது. இங்கே குடியிருப்பவர்களுக்கு அது பழகிய சத்தம். நான் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

5. என் மகளின் தவறு இது: வாயால் பதில் வாங்காமல் விட்டாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி விட்டவள் அல்ல. ஒவ்வொருவரையும் முழுமையாகத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அதற்கு விமானிகள் வைத்த பெயர் “டீச்சர்”. “டீச்சர், மனப்பாடமா ஒப்பிக்கணுமா, இல்ல பாத்துப் படிக்கலாமா?” என்று ரேடியோவிலேயே கேட்பார்களாம். கோபுரத்தில் உடன் இருப்பவர்களும் சிரிப்பார்கள். ஓராண்டு தாங்கினாள். அப்புறம் அவளும் டிக்-டிக்கை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினாள். ஐயா, இந்தப் பழக்கத்தை ஒருவர் உண்டாக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து சிரித்தே உண்டாக்கினார்கள்.

6. ஜூன் 6 அன்று கோபுரத்தின் மேற்பார்வையாளர் எங்கள் வீட்டுக்கு வந்து, தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். “மாற்றிய உத்தரவுக்குச் சரக்கு விமானத்திடமிருந்து உறுதிப்பாடு பெறப்பட்டது” என்று அதில் இருந்தது. கையெழுத்திட்டால் என் மகளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்துவிடும். உத்தரவை மீறியவர் என்று அந்தக் கேப்டனின் உரிமம் பறிபோகும். கோபுரத்தில் டிக்-டிக் புழங்குவது வெளியே வராது. “ரெண்டே வரிதாம்மா. பதில் வந்துச்சுன்னு எழுதினா அது பொய்யா? ஏதோ ஒண்ணு வந்துச்சுல்ல?” என்றார். அவர் கெட்டவர் அல்ல. “அந்தக் கேப்டன் யாரோ. நம்ம பொண்ணு நம்ம பொண்ணும்மா” என்றும் சொன்னார்.

அவர் போன பிறகு, கையெழுத்துப் போட்டுவிடு என்று என் மகளிடம் நானே சொன்னேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னும் வெட்கம். அவள் என்னைப் பார்த்து, “கூண்டுல நிக்கிற சாட்சி தலையாட்டினா நீங்க என்னம்மா எழுதுவீங்க?” என்று கேட்டாள். சாட்சி தலையாட்டினால் எதுவும் எழுத முடியாது. வாயைத் திறந்து சொல்லச் சொல்லுவார் நீதிபதி. அது வரை என் பென்சில் காத்திருக்கும். அவள் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது.

7. பயிற்சி விமானத்தின் விமானி ஜூன் 8 அன்று தொலைபேசியில் என் மகளை அழைத்து, “மேடம், அந்த டிக்-டிக் நான்தான். அஞ்சு நாளா தூக்கமே இல்ல” என்று ஒப்புக்கொண்டார். எழுதிக் கொடுக்கக் கேட்டபோது, “கையெழுத்து மட்டும் கேக்காதீங்க மேடம்” என்று வைத்துவிட்டார். ஆகவே எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி ஒலிப்பதிவு. அது முப்பது நாள் மட்டுமே இருக்கும். பிறகு அதன்மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். அதைப் பாதுகாக்கும்படி என் மகள் ஜூன் 10-லும் 18-லும் எழுத்தில் கேட்டாள். இரு முறையும் “பரிசீலனையில் உள்ளது” என்ற முத்திரைதான் திரும்பி வந்தது. பதிவு அழியும் நாள் ஜூலை 3. விசாரணைக்குக் குறித்த நாள் ஜூலை 5. இவ்விரு தேதிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

8. இன்னொன்று. இது விசாரணைக்குத் தேவையற்றது என்று தாங்கள் கருதினால் விட்டுவிடலாம். பணி முடிந்ததும் என் மகள் வீட்டுத் தொலைபேசிக்கு இரண்டு மணி விட்டு வைத்துவிடுவாள். நான் எடுக்க மாட்டேன். “நல்லா இருக்கேன், கிளம்பிட்டேன்” என்று அதற்கு அர்த்தம். என் கணவர் இருந்த நாளிலிருந்து வரும் பழக்கம். ஜூன் 3 மாலையும் 6.05-க்கு இரண்டு மணி அடித்தது. நான் நிம்மதியாக அடுப்பைப் பற்ற வைத்தேன். அந்நேரம் அவள் கோபுரத்தின் கழிப்பறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. என்னை அழைத்துப் பேசத்தான் எடுத்தாளாம். பேச்சு வராது என்று தோன்றி வைத்துவிட்டாளாம். எனக்குக் கேட்டது வழக்கமான இரண்டு மணி. இப்போது அவள் வெளியே எங்கிருந்து அழைத்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அவள் வாயால் சொல்லும் வரை வைப்பதில்லை.

9. ஆகவே கேட்டுக்கொள்வது: ஜூலை 3-க்கு முன், தங்கள் அலுவலரை நேரில் அனுப்பி ஜூன் 3-இன் முழுப் பணிநேர ஒலிப்பதிவையும் முத்திரையிட்டு எடுக்க வேண்டும். 4.10-ஐ மட்டும் கேட்டால் போதாது. அந்த ஒரு நாளில் எத்தனை உத்தரவுகளுக்கு டிக்-டிக் பதிலாக வந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணியதும், ஓடுபாதையில் அதை அன்றே தடை செய்யுங்கள். என் மகளுக்கு என்ன தண்டனை உரியதோ அதை வழங்குங்கள். அதைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் வராத பதிலுக்காக அந்தக் கேப்டனைத் தண்டிக்காதீர்கள். இம்மனுவை எழுத வேண்டாம் என்று என் மகள் தடுத்தாள். அவள் அறியாமல் அனுப்பவில்லை. படித்துக் காட்டிவிட்டே அனுப்புகிறேன்.

10. மனு கிடைத்ததற்கு அச்சிட்ட ஒப்புதல் அட்டை அனுப்புவது தங்கள் அலுவலக வழக்கம் என்று அறிவேன். அட்டை வேண்டாம், ஐயா. நான் கேட்டது என்ன, தாங்கள் செய்யப்போவது என்ன, எந்தத் தேதியில் என்பதை முழு வாக்கியத்தில் திருப்பி எழுதி அனுப்புங்கள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

இடம்: கிழக்கு ஓடுபாதைத் தெரு
நாள்: ஜூன் 27, காலை 10 மணி

இப்படிக்கு,
தங்கள் பதிலைச் சொற்களில் எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
கட்டுப்பாட்டாளரின் தாயார்

இணைப்பு: மனுதாரர் பெயர், முகவரி – 1 தாள். கையெழுத்திடப்படாத வாக்குமூலத்தின் நகல் – 1 தாள்.