வாங்கித் தருகிற கை

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணி எழுதுவது. உன் அண்ணன் வைத்த பேரிலேயே கூப்பிட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போனில் என்றால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அவர் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. பெரியவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். சின்னவன் அப்பாவின் டூல்ஸ் பெட்டியை யாரையும் தொட விடுவதில்லை. அவன் குளிக்கப் போன நேரம் திறந்தேன். அடியில், கிரீஸ் கறையோடு, அவருடைய இன்சூரன்ஸ் பத்திரம். நேற்று ஆபீசுக்கு எடுத்துப் போனேன்.

"நாலாவதோடு நின்னவ நான், புரியற மாதிரி சொல்லுங்கம்மா" என்று அங்கிருந்த கண்ணாடி போட்ட அம்மாவிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பிரீமியம் என்றால் நாம் கட்டுகிற தவணை. தேதி தாண்டினாலும் கொஞ்ச நாள் பொறுப்பார்கள், அது கிரேஸ் பீரியட். அதற்குள்ளும் கட்டாவிட்டால் பாலிசி லேப்ஸ், செல்லாமல் போய்விடும். கிளெய்ம் என்றால் நாமே போய்க் கேட்பது. தானாக யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். மெச்சூரிட்டி என்றால் பாலிசி முதிர்கிற நாள். அதற்கு இன்னும் ஆறு வருஷம் இருந்ததாம். அவருக்குத்தான் அவசரம்.

நாமினி என்ற இடத்தில் உன் பேர். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, மாற்ற மறந்திருக்கிறார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, இதுல நாமினின்னா வாங்கித் தர்ற கை மட்டும்தான். பணம் உங்களுக்கும் பிள்ளைங்களுக்கும்தான். ஆனா அவங்க கையெழுத்து வேணும்" என்றார்.

அப்புறம்தான் உறைத்தது. லிஃப்ட் வேலையில் விழுந்து இடுப்பொடிந்து இரண்டு வருஷம் படுத்திருந்தாரே, அப்போது தவணை கட்டியது யார்? கேட்டேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அந்த இரண்டு வருஷத்துத் தவணைக்கும் நேராக உன் பேர்.

அந்த நாளில்தான் நீ போன் செய்து பாலிசி நம்பர் கேட்டாய். "அண்ணன் உசிரோட இருக்கும்போதே கணக்குப் பாக்குறியா?" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். நம்பரை அவர் எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறார். கடைசிவரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

அவர் போன அன்று நீ வாசலோடு நின்று முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாய். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படிவத்தைத் தபாலில் அனுப்பினாலே போதும், கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பட்டும் என்றார் அந்த அம்மா. நான் அனுப்பவில்லை. அதை அலமாரியில் அவர் சட்டைக்குக் கீழே வைத்திருக்கிறேன். நீ வந்து போடு. என்றைக்கானாலும் சரி. வாசலில் மட்டும் நிற்காதே.

நீயும் உன் வீட்டுக்காரரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி